விழிச்சுடர்த் திட்டத்தில் ஒரு சிவப்புச் சீட்டு

குழந்தைகளின் கண்ணைச் சோதிக்க அரசாங்கம் ஆள் எடுத்தால் யாரை எடுக்கும்? கண் வைத்தியம் படித்தவரை என்று நீங்கள் நினைத்தால், பாவம், நீங்கள் அரசாங்க ஆபீஸ் பக்கம் அதிகம் போனதில்லை என்று அர்த்தம். அரசாங்கம் ஒரு கல்யாணப் போட்டோக்காரரை எடுத்தது.

மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் நடுவில், பஸ் நின்றாலும் நிற்கும் நிற்காமலும் போகும் என்கிற ஒரு கடைத்தெருவில் ‘அக்னஸ் ஸ்டுடியோ’ வைத்திருந்தார் ஜேசுராஜ். அக்னஸ் அவருடைய மனைவி. ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு ஸ்டுடியோ படி ஏறுவது பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு மட்டும்தான் என்றாகிவிட்டது. அவர் பாதி நாள் கடையைத் திறப்பதும், மீதி நாள் ஏன் திறந்தோம் என்று உட்கார்ந்திருப்பதுமாக இருந்தார். அப்போதுதான் ‘மழலை விழிச்சுடர்த் திட்டம்’ வந்தது. வந்து இறங்கிய கருவியின் பெட்டியில் கேமரா என்று போட்டிருந்தது. கேமராவை இயக்க எந்த ஆஸ்பத்திரியிலும் பதவி கிடையாதாம். கோப்பு மூன்று மேசைகளைச் சுற்றி, உள்ளூர்ப் போட்டோக்காரர் ஒருவரை ஒப்பந்தத்தில் அமர்த்தலாம் என்ற குறிப்போடு கீழே இறங்கியது.

நேர்காணல் நடத்தியவர் வட்டத் திட்ட அலுவலர் சிங்காரவேலு. எதையும் ஆட்சேபிக்காமலே பதவி உயர்வு பெற்றவர்.

“அழுவுற பிள்ளையைப் படம் எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இருபத்தஞ்சு வருஷமா அதான் சார் பண்றேன். காதுகுத்துல அழுவாத பிள்ளையை நான் பாத்ததே இல்லை.”

“போதும். இன்னைலேருந்து நீங்க எங்க தொழில்நுட்ப வல்லுநர்.”

கருவி நல்ல கருவி. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. இந்தக் கதையில் ஒரு தப்பும் செய்யாதது அது ஒன்றுதான். குழந்தைக்கு மூன்றடி தள்ளி நின்று பித்தானை அழுத்தினால் குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும், சின்னச் சின்ன விளக்குகள் மினுங்கும், குழந்தை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். கண்ணுக்குள் போய்த் திரும்பி வருகிற வெளிச்சத்தை வைத்தே, அம்மா என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கும் கண்ணில் கோளாறு உண்டா இல்லையா என்று அது கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால் பச்சை. உண்டென்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் ஒரு சீட்டு அச்சாகும். அந்தச் சீட்டோடு போனால் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம், வேன் கூட வீட்டுக்கே வரும் என்று துண்டுப் பிரசுரம் சொன்னது. ஆறு மாதம் நிரம்பிய பிள்ளைகளுக்குத்தான் இது. அதற்குக் குறைந்த பிள்ளைகளை விழாவுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

தொடக்க விழா தை மாதம் நடந்தது. அமைச்சர் வந்தார்.

“உலகத்திலேயே முதன்முறையாகக் குழந்தைகளுக்கும் கண் இருக்கிறது என்று கண்டறிந்த ஆட்சி இந்த ஆட்சி!” என்றார். கைதட்டல். “போன ஆட்சியில் பிறந்த குழந்தைகளை யாராவது பார்த்தார்களா? அந்தக் குழந்தைகள்தான் யாரையாவது பார்த்தனவா?” இல்லை, இல்லை என்று பந்தல் கத்தியது. கத்தியவர்களில் பாதிப் பேர் போன ஆட்சியில் பிறந்தவர்கள்.

பேச்சு முடிந்ததும் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அங்கன்வாடி வேனில் ஏற்றி வரப்பட்ட பெண்கள் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவள் ராஜாத்தி. நடவு வேலைக்குப் போகிறவள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவள் மடியில் இருந்த ஐம்பத்திரண்டு நாள் பெண் குழந்தை மேடைக்குப் போயிற்று. அமைச்சர் அதை உயரத் தூக்கி, “சுடர்விழி” என்று பெயர் வைத்தார். ராஜாத்தி ஏற்கெனவே குலசாமி பேரில் காத்தாயி என்று வைத்திருந்தாள். மேடையில் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பேனர் அடித்தாக வேண்டும். ஜேசுராஜ் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினார். பிள்ளையின் வலது கண்ணில் ஃபிளாஷ் பட்டுச் சிவப்பாக இருந்தது. இடது கண்ணில், கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஏதோ. ஃபிளாஷின் வேலை என்று நினைத்தார். இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை கல்யாணப் பெண்களின் கண்ணில் சிவப்பை அழித்திருப்பார், எத்தனை மாமனார்களின் கன்னத்து மருவை எடுத்திருப்பார்! வலது கண்ணைக் கறுப்பாக்கி, அதையே வெட்டித் திருப்பி, இடது கண்ணில் ஒட்டினார். பக்கத்தில் வைத்த டீ ஆறுவதற்குள் டச்சப் முடிந்தது. மறுநாள் மயிலாடுதுறையிலிருந்து சீர்காழி வரைக்கும் மின்கம்பத்துக்கு மின்கம்பம் சுடர்விழி இரண்டு கண்ணையும் அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வேலை தொடங்கியது. ஊர் ஊராக அங்கன்வாடி, இருட்டறை, குருவிச் சத்தம். ஆறாயிரம் பிள்ளைகளைப் பார்த்து முடித்ததும் வட்டத்தையே ‘பார்வைக் குறையற்ற வட்டம்’ என்று அமைச்சர் அறிவிப்பதாக ஏற்பாடு. ஆகவே சிவப்பு வரக்கூடாது. வரக்கூடாது என்று எழுத்தில் எங்கும் இல்லை. சிவப்பு வந்தால் அந்த அங்கன்வாடிப் பணியாளர் ‘மேற்படி சிவப்பு ஏற்பட்டதற்கான காரணத்தை’ மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

“நான் என்னத்த விளக்குறது?” என்றார் மேலத்தெரு அங்கன்வாடிப் பணியாளர் அமலோற்பவம். “அதான் நல்ல கண்ணாப் பாத்து நானே பொறுக்கிக் கூட்டியாந்துட்டேன். நீங்க சும்மா அமுக்குங்க தம்பி.”

நல்ல கண்ணுக்குக் கிராக்கி ஏறியது. கமருன்னிஸா என்பவளின் மூன்று வயது மகன் மூஸாவுக்கு இந்த வட்டாரத்திலேயே சிறந்த கண் என்று பெயர். அவனை ஐந்து அங்கன்வாடிகளில் ஐந்து பெயரில் உட்கார்த்தினார்கள். ஐந்தாவது தடவை, கருவிக்கு முன்னால் அவனே குருவி மாதிரி கத்திவிட்டு, “பச்சை” என்று சொல்லி எழுந்து போனான். ஜேசுராஜ் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார். கல்யாணத்தில் கூட இவ்வளவு பொய் எடுத்ததில்லை என்று அக்னஸிடம் சொன்னார். மாதக் கடைசியில் கூலி வருகிறதா என்று மட்டும் அக்னஸ் கேட்டாள்.

ஆடி மாதம் ராஜாத்தி இருந்த குளத்துக்கரைக் குடியிருப்புக்கு முறை வந்தது. சுடர்விழிக்கு அப்போது எட்டு மாதம். பேனர் பிள்ளையைக் கருவிக்கு முன்னால் வைத்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்று ஜேசுராஜேதான் கூப்பிட்டார். பித்தானை அழுத்தினார். குருவி கத்தியது. பிள்ளை சிரித்தது.

சிவப்பு.

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். சிவப்பு. ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தார், பிள்ளையை, மேலத்தெருவிலிருந்து துணைக்கு வந்திருந்த அமலோற்பவம் மடிக்கு மாற்றினார். ஐந்து தடவையும் சிவப்பு. ஐந்து தடவையும் இடது கண்.

“என்னண்ணே, மிஷின் ரிப்பேரா?” என்றாள் ராஜாத்தி.

திரையில் தெரிந்த அந்த வெள்ளையை ஜேசுராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அது புதிதில்லை. தை மாதம் தன் கையாலேயே அதை வெட்டி எடுத்தவர் அவர். மாதாவே, அப்பவே இருந்திருக்கிறதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. “ஒண்ணுமில்லைம்மா, டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிரணும். சீட்டு வாங்கித் தர்றேன்” என்றார். அந்தக் குழந்தையின் கண்ணைக் காப்பாற்றிவிட வேண்டும், அதற்கு அந்தச் சிவப்புச் சீட்டு வேண்டும் என்பது ஒன்றுதான் அதற்கப்புறம் அவர் தலைக்குள் இருந்தது.

அலுவலர் கையெழுத்து இல்லாமல் சீட்டு செல்லாது என்பதால், அச்சானதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே சிங்காரவேலுவிடம் போனார். சிங்காரவேலு சீட்டைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜேசுராஜ் டச்சப் செய்த விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார்.

“இருங்க, நிதானமா வருவோம்” என்றார் சிங்காரவேலு. “பேனர்ல ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. பேனர் மேலிடத்துல ஒப்புதல் வாங்கினது. அரசு ஆவணம். சீட்டு இப்பத்தான் மிஷின்லேருந்து வந்திருக்கு, இதுக்கு யாரும் ஒப்புதல் தரலை. ரெண்டுல எதை நான் நம்புறது?”

“பேனர்ல நான் ஒட்டின கண்ணு சார் அது.”

“யாரு ஒட்டினா என்ன? அமைச்சர் வெச்ச பேரு சுடர்விழி. திட்டத்துக்கு முகமே அந்தப் பிள்ளைதான். அதுக்கே கோளாறுன்னு சீட்டுக் குடுத்தா நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் என்ன பேசுவான்? பிள்ளை மேல எனக்கு அக்கறை இல்லைன்னு நெனைக்காதீங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. அக்கறையை முறைப்படி காட்டணும், அவ்வளவுதான்.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “பேனர்ல பண்ணின அந்த வேலையை மிஷின்லயும் பண்ண முடியாதா?”

முடியாது என்றார் ஜேசுராஜ். சிங்காரவேலு பெருமூச்சு விட்டு, அப்படியானால் சீட்டோடு இருப்பிடச் சான்று இணைக்க வேண்டும், இணைத்தால் மேலே அனுப்புவேன் என்றார்.

கிராம நிர்வாக அலுவலர் நடராசன் நல்ல மனுஷர். ராஜாத்தியையும் கூட்டிக்கொண்டு போன ஜேசுராஜுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ராஜாத்தியின் மகளை இடுப்பில் வாங்கிக் கொஞ்சினார். பிறகு பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்.

“இவங்க குடிசை இருக்குற இடம் கணக்குப்படி குளம்.”

“அங்க நாப்பது வீடு இருக்கே?”

“இருக்கு. நேத்துக்கூட அங்கதான் மோர் குடிச்சேன். ஆனா அந்த எடத்து மேல முப்பது வருஷமா கேஸ் நடக்குது. மடம் எங்க குளம்ங்குது. பண்ணைக்காரர் எங்க குளம்ங்குறார். சர்க்கார் எங்க புறம்போக்குக் குளம்ங்குது. பட்டா தர்றேன்னு ரெண்டு கட்சியும் மாத்தி மாத்தி ஓட்டு வாங்கிட்டுப் போயிருச்சு. மூணு தரப்புக்கும் எல்லாத்துலயும் சண்டை. உள்ளே தண்ணி இருக்குங்குறதுல மட்டும் மூணு பேரும் ஒத்துமை. நான் போய் வீடு இருக்குன்னு எழுதினா இருக்குற ஒரே ஒத்துமையும் கெட்டுரும்.”

“அப்ப இந்தப் பிள்ளை எங்க சார் இருக்கு?”

“அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஜமாபந்தியில மனு குடுங்க.”

தாலுகா ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்த்து மனு வாங்குகிற ஜமாபந்தி போன மாதம்தான் முடிந்திருந்தது. அடுத்த ஜமாபந்திக்கு இன்னும் பத்து, பதினொரு மாதம் ஆகும். ராஜாத்தி மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “அரை நாள் கூலி போச்சுண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

ஜேசுராஜ் விடவில்லை. மனு மேல் மனுவாக எழுதினார். அதன் பலனாக ஆவணி மாதம் ஒரு வல்லுநர் குழு இரண்டு ஜீப்பில் வந்தது. பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நம்பி ராஜாத்தியையும் வரச்சொல்லியிருந்தார். குழு வந்தது கருவியைப் பார்க்க.

“குறை இல்லாத கண்ணுல சோதிச்சாத்தான் மிஷின் சரியா தப்பான்னு தெரியும்” என்றார் குழுத் தலைவர். குறை இல்லாத கண்ணுக்கு எங்கே போவது? மூஸாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். கடைசியில், அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளுக்குக் கண்ணில் குறை இருப்பதற்கு முகாந்திரமே இல்லை என்பதால், குழு உறுப்பினர்கள் ஐந்து பேரும் தாங்களே உட்காருவது என்று தீர்மானித்தார்கள். ஐந்து பேரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். குருவி ஐந்து தடவை கத்தியது. ஐந்தும் சிவப்பு.

ஜேசுராஜ் மெதுவாகச் சொன்னார்: “சார், எல்லாரும் கண்ணாடி போட்டிருந்தீங்க...”

“கண்ணாடி போட்டதும் குறை தீந்துருச்சுல்ல? தீந்து போனதை இது எப்படிக் காட்டலாம்?” என்று கேட்டார் தலைவர். அறிக்கையை மூக்கு நுனிக்குக் கொண்டுபோய்ப் படித்துக் கையெழுத்துப் போட்டார். அறிக்கை இப்படி இருந்தது: ‘சோதிக்கப்பட்ட குறையற்ற நபர்கள் ஐவரையும் கருவி குறையுள்ளோர் எனக் காட்டியது. எனவே சிவப்பு காட்டும் பகுதியில் மட்டும் கருவி பழுதடைந்துள்ளது எனக் குழு கருதுகிறது. பச்சை காட்டும் பகுதி நல்ல நிலையில் உள்ளது. இதுநாள் வரை வந்த பச்சைகள் செல்லும். சிவப்புகள் செல்லா.’

சுடர்விழியின் சீட்டில் ‘ரத்து’ என்று முத்திரை விழுந்தது. வாசலில் மகளுக்கு மொட்டை வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம், “எல்லாம் சரியா இருக்கும்மா, உங்க பொண்ணு கண்ணுல ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட்டுத் தலைவர் ஜீப்பில் ஏறினார். ஏறும்போது படியைத் தவறவிட்டார், டிரைவர் பிடித்துக்கொண்டார்.

புரட்டாசியில் அமைச்சர் மறுபடி வந்து, பார்வைக் குறையற்ற வட்டமாக அறிவித்தார். “இனி இந்த வட்டத்தில் யாருக்கும் கண் தெரியாமல் இருக்க இந்த அரசு அனுமதிக்காது!” என்றார். ஆறாயிரத்துப் பதினொரு பச்சை. சிவப்பு பூஜ்யம். நூறு சதம் சாதித்த தொழில்நுட்ப வல்லுநர் என்று ஜேசுராஜுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். புழுக்கத்தில் அது கழுத்தை அறுத்தது.

கூட்டம் கலைந்த பிறகு ராஜாத்தி அவரைத் தேடி வந்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். வலது கண்ணு மேல முந்தானை பட்டா வீல்னு கத்துது. இடதுல பட்டா சும்மா இருக்குது. அது ஏன்?”

ஜேசுராஜ் சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எழுதிய மனுக்கள், ஏறிய படிகள் எல்லாம் மனதில் வந்து போயின. அலுப்பாக இருந்தது. “நாளைக்குக் காலையில தயாரா இரு. தஞ்சாவூர் போயிரலாம். சீட்டும் வேணாம், ஒரு எழவும் வேணாம்” என்றார்.

தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் லத்தீஃபா பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“பொறக்கும்போதே இடது கண்ணுல புரை இருந்திருக்கு. ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வர்றீங்க?”

“சீட்டு கெடைக்கலைங்க” என்றாள் ராஜாத்தி.

“என்ன சீட்டு?” டாக்டருக்குப் புரியவில்லை. “பிள்ளையைக் கொண்டுவந்தா போதுமே. இங்க யாரு சீட்டுக் கேட்டா?”

ஜேசுராஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அடுத்த வாரமே புரையை எடுத்துரலாம். ஆனா ஒண்ணு சொல்லிர்றேன்” என்றார் டாக்டர். “ரெண்டு மாசத்துக்குள்ள எடுத்திருந்தா நல்லாப் பார்வை வந்திருக்கும். இப்ப பத்து மாசம் ஆயிருச்சு. இத்தனை நாளும் அந்தக் கண்ணு வழியா ஒண்ணும் உள்ளே போகலை, மூளை அதை ஒதுக்கிருச்சு. இனிமே நல்ல கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் மூடி வெச்சு இதைப் பழக்கணும். வெளிச்சம், நிழல் தெரியலாம். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது.”

ரெண்டு மாசம். விழா அன்றைக்குப் பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு நாள். ஜேசுராஜுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. மடத்தை, குளத்தை, சிங்காரவேலுவை, ஐந்து மூக்குக்கண்ணாடிகளை வரிசையாகத் திட்டிக்கொண்டே வந்தவர், அவர்கள் எல்லோரும் வருவதற்கு முன்னாலேயே காரியம் முடிந்துபோயிருந்தது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் மயிலாடுதுறை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். விழா அன்றைக்கே படத்தில் வெள்ளை தெரிந்தது, நல்ல கண்ணை வெட்டி ஒட்டியது நான்தான், அன்றைக்கே சொல்லியிருந்தால் உன் பிள்ளைக்குப் பார்வை வந்திருக்கும் என்று, தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் கத்துவாள், அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். செய்தால் தேவலை என்றுகூட இருந்தது.

ராஜாத்தி பிள்ளையின் வாயில் ஒழுகியதைத் துடைத்தாள்.

“எனக்கும் தெரிஞ்சுதுண்ணே” என்றாள். “பதினஞ்சாம் நாளே பாத்தேன். வெயில்ல வெச்சு எண்ணெய் தேய்க்கையில, இடது கண்ணுல வெள்ளையா ஏதோ கெடந்துச்சு. நாள் தள்ளிப் போயிருச்சு, விழா முடிஞ்சதும் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போவணும்னுதான் இருந்தேன். மறுநாள் பாத்தா ஊரெல்லாம் படம். ரெண்டு கண்ணும் அவ்வளவு அழகா இருக்கு. கவர்மெண்டே இம்மாம் பெருசாப் போட்டுருக்கே, பெத்தவ நான் பிள்ளை கண்ணைத் தப்பாப் பாத்துட்டேனேன்னு நெனச்சேன். அப்புறம் அது தெரியுறப்பல்லாம், என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்.”

பஸ் வந்தது. அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்படியில் ஏறினாள். ஜேசுராஜ் பின்படியில் ஏறி, இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் அவரிடம் வந்தபோது பைக்குள் கைவிட்டார்.

“உங்களுக்கும் சேத்து அந்த அம்மா எடுத்துட்டாங்க” என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் அடுத்த ஆளிடம் போனார்.